மூச்சு திரும்பும் நேரம்: நோயாளிகளோடு உட்கார்ந்து வகுத்த உடற்பயிற்சித் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு மருத்துவமனையின் நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். இன்னொரு பிசியோதெரபிஸ்ட், ஒரு செவிலியர், வாரம் ஒருமுறை வரும் நுரையீரல் மருத்துவர், இவ்வளவுதான் எங்கள் குழு. யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். நோயாளிகளின் பேச்சை அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள். மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் நோயும், நுரையீரல் தழும்பேறி இறுகும் ஃபைப்ரோசிஸ் நோயும் உள்ளவர்கள் சிலர். கெட்டுப்போன நுரையீரலை உடற்பயிற்சி சரிசெய்யாது. ஆனால் மூச்சு வாங்குகிறதே என்று நடப்பதைக் குறைத்தால் கால் தசை மெலியும். மெலிந்த தசை அதே தூரத்துக்கு அதிக மூச்சைக் கேட்கும். அதனால் நடப்பது இன்னும் குறையும். இந்தச் சுழலை உடைக்கப் பயிற்சியால் முடியும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 65 ஆய்வுகளில் பங்கேற்ற 3,822 சிஓபிடி நோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்து, மூச்சிரைப்பும் சோர்வும் குறைவதையும் நடக்கும் திறன் கூடுவதையும் உறுதிப்படுத்தியது. எங்கள் மனதில் இருந்த கேள்வி வேறு. இவ்வளவு பலன் தரும் ஒன்றை எங்கள் நோயாளிகள் ஏன் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள்?

முதல் சுற்றில் நடந்தது

எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். டிரெட்மில் நடை, சைக்கிள், கால்களுக்கு எடைப் பயிற்சி, கடைசியில் மூச்சுப் பயிற்சி. வழிகாட்டு நெறிகளைப் படித்து நாங்களே வகுத்த திட்டம் இது. மருத்துவ ரீதியாக அதில் குறை சொல்ல முடியாது. 12 பேர் சேர்ந்தார்கள். எட்டு வாரமும் வந்தவர்கள் 5 பேர். விட்டுப்போன 7 பேரில் 6 பேர் முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே நின்றுவிட்டார்கள்.

காரணம் எழுத கோப்பில் ஒரு கட்டம் உண்டு. அதில் "ஒத்துழைப்பு இல்லை", "விருப்பமில்லை" என்று இருந்தது. அதில் நான்கு என் கையெழுத்து. அந்த நான்கு பேரில் ஒருவரிடம்கூட நான் போன் செய்து கேட்டிருக்கவில்லை.

யாரைக் கூப்பிடுவது

அடுத்த சுற்றை நோயாளிகளோடு சேர்ந்து வகுக்கலாம் என்று முடிவானது. நோயாளிகளும் பணியாளர்களும் சமமாக உட்கார்ந்து ஒரு சேவையை மாற்றி அமைக்கும் கூட்டு வடிவமைப்பு முறை மருத்துவத்தில் புதிதல்ல. எங்களுக்குத்தான் அது புதிது.

திட்டத்தை முடித்த ஐந்து பேரையும் கூப்பிடலாம் என்றார் மருத்துவர். அவர்கள் ஆர்வமானவர்கள், தெளிவாகப் பேசுவார்கள். என் சக பிசியோதெரபிஸ்ட் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்கு இந்தத் திட்டம் ஏற்கெனவே பொருந்திடுச்சு சார். பொருந்தாதவங்களைத்தானே கேட்கணும்?" என்றார். இந்த முழு நிகழ்விலும் நாங்கள் எடுத்த சரியான முடிவு எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். விட்டுப்போன ஏழு பேரையும் செவிலியர் போனில் அழைத்தார். நான்கு பேர் வர ஒப்புக்கொண்டார்கள். முடித்தவர்களில் இருவர், ஒரு நோயாளியை வீட்டில் கவனித்துக்கொள்ளும் மகள் ஒருவர். மொத்தம் ஏழு பேர்.

முதல் கூட்டம்: வீணானது

காலை ஒன்பது மணிக்கு வைத்தோம். பழைய திட்டத்தைக் கொஞ்சம் திருத்தி, அச்சடித்து, ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தோம். மருத்துவர் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பகுதியாகப் படித்து "இது சரியா இருக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் சரி என்றார்கள். நாற்பது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் சக பிசியோதெரபிஸ்ட் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அறுபதைத் தாண்டிய ஒருவர், "எனக்கு என்னன்னா... அந்தப் படி..." என்று ஆரம்பித்து மூச்சுக்காக நிறுத்தியிருக்கிறார். "படி ஏறும்போது மூச்சு வாங்குது, அதானே ஐயா?" என்று நான் அவர் வாக்கியத்தை முடித்துவிட்டேன். அவர் தலையாட்டினார், நான் எழுதிக்கொண்டேன். அந்த நாற்பது நிமிடத்தில் இப்படிப் பல முறை நடந்திருக்கிறது.

பேச்சு என்பது வெளிவிடும் மூச்சு. சிஓபிடி உள்ளவர்களுக்கு மூச்சை வெளிவிடுவதில்தான் சிக்கலே. நோய் கடுமையாக இருந்தால் மூன்று நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு எடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியை அவர் பேசி முடித்துவிட்டார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இந்த நோயைப் பற்றி வகுப்பெடுக்கும் நானே அதைச் செய்தேன். நேரமும் தப்பு. இவர்களில் பலருக்குக் காலைப் பொழுதுதான் மோசம். இரவெல்லாம் தேங்கிய சளியை இருமி எடுத்து, இன்ஹேலர் போட்டு, குளித்து உடுத்தி முடிப்பதற்குள் பாதி பலம் போய்விடும். ஒன்பது மணிக்கு வந்தவர்கள் கருத்துச் சொல்லும் நிலையிலேயே இல்லை.

இரண்டாவது கூட்டம்

இரண்டு வாரம் கழித்து, பதினொரு மணிக்கு. தரைத்தளத்தில் ஒரு அறை, வட்டமாக நாற்காலிகள். மருத்துவர் வரவில்லை, அது அவரே சொன்ன யோசனை. கையில் திட்டம் எதுவும் கிடையாது. விதி ஒன்றுதான்: பேசுபவர் "அவ்வளவுதான்" என்று சொல்லும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கேள்வியும் ஒன்றுதான்: "பயிற்சிக்கு வர்ற நாள்ல, எழுந்ததிலிருந்து வீடு திரும்புற வரைக்கும் என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

முதல் சில நிமிடங்கள் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருவர் நிறுத்தும்போது வரும் மௌனத்தை நிரப்பாமல் இருப்பதற்கு உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

படியைப் பற்றிச் சொல்லவந்தவர் இந்த முறை முழுசாகச் சொன்னார். ஏறுவது அவருக்குப் பிரச்சினையே இல்லையாம். மெதுவாக ஏறிவிடுவார். பயிற்சி அறை முதல் மாடியில். முடிந்து கால் நடுங்கிக்கொண்டிருக்கும்போது படி இறங்க வேண்டும். நடுவில் நிற்கலாம் என்றால் பின்னால் ஆள் வந்துகொண்டே இருக்கும். லிப்ட் கட்டடத்தின் மறு கோடியில். "விழுந்துடுவேனோன்னு பயம். அதான் வரல. அவ்வளவுதான்." அவர் கோப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியது நான்.

சளி அதிகம் வரும் ஒருவர், பத்துப் பேர் நடுவே இருமித் துப்புவதற்குக் கூச்சப்பட்டு, பயிற்சி நாட்களில் இருமலை அடக்கிக்கொண்டே இருந்ததைச் சொன்னார். சளியை வெளியேற்ற வேண்டிய நோயாளியை எங்கள் அறை இருமவிடாமல் வைத்திருந்தது.

கடைசியாகப் பேசினார் எழுபது வயது அம்மா ஒருவர். இரண்டாவது வாரத்திலேயே நின்றுபோனவர். அவர் சொன்னதைச் செவிலியர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்:

"தம்பி, ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடந்தேன்னு அளந்து எழுதிக்கிறீங்க. நின்ன அப்புறம் எனக்கு மூச்சு திரும்ப எவ்வளவு நேரம் ஆச்சுன்னு என்னிக்காவது எழுதினீங்களா? நடக்கறதுக்கு நான் பயப்படல. நின்ன அப்புறம் மூச்சு வராம போயிடுமோன்னு தோணும் பாருங்க, அந்த நேரம்தான் பயம். அப்போ நீங்க, உட்காருங்கம்மான்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடுவீங்க. அவ்வளவுதான்."

மற்ற எல்லாரும் தலையாட்டினார்கள். முதல் கூட்டத்திலும் தலையாட்டியவர்கள்தான். இந்தத் தலையாட்டல் வேறு என்பது பார்த்தாலே தெரிந்தது.

அவர் சொன்ன அந்த நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். வேகமாக மூச்சு விடும்போது காற்று முழுசாக வெளியேற நேரம் போதாது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் உள்ளேயே தங்கும். நுரையீரல் ஊதிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அடுத்த மூச்சை இழுக்க இடமே இருக்காது. நடப்பதை நிறுத்தினாலும் தங்கிய காற்று வெளியேறச் சில நிமிடம் ஆகும். பாடமாக இதைப் பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தச் சில நிமிடத்தை நோயாளி எப்படிக் கடக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு பெண்மணி என் சக பிசியோதெரபிஸ்ட்டைத் தனியாக அழைத்தார். இருமும்போதும், நாற்காலியிலிருந்து வேகமாக எழும்போதும் சிறுநீர் கசிகிறது, அதனால்தான் வரவில்லை என்றார். நாள்பட்ட இருமல் உள்ள பெண்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுவது. எங்கள் கேள்வித்தாள் எதிலும் இதற்கு இடமில்லை. ஆண்களும் இருந்த அந்த வட்டத்தில் அவர் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. நல்லவேளை, தனியாகச் சொல்ல ஒரு பெண் அங்கே இருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்றாவது, நான்காவது கூட்டங்களில் திட்டம் உருவானது. பெரிய முடிவு அந்த அம்மா சொன்னதிலிருந்து வந்தது. பயிற்சியை நடையில் தொடங்காமல், நின்ற பிறகு மூச்சைத் திரும்பப் பெறுவதில் தொடங்குவது. முதல் இரண்டு நாளும் இது மட்டுமே. கொஞ்சம் நடக்க வேண்டும், லேசாக மூச்சு வாங்கியதும் நிற்க வேண்டும். முன்னால் சாய்ந்து கைகளைத் தொடையிலோ சுவரிலோ ஊன்ற வேண்டும். உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று, மூச்சு பழைய நிலைக்கு வரும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுத வேண்டும். இதில் எனக்குத் தயக்கம் இருந்தது. மொத்தமே 16 நாள். அதில் இரண்டைப் பயிற்சி இல்லாமல் விட்டால் பலன் குறையாதா? ஆனால் முதல் மூன்று வாரத்தில் நின்றுவிட்ட ஆறு பேருக்குக் கிடைத்த பலன் என்ன என்று சக பிசியோதெரபிஸ்ட் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை, ஒப்புக்கொண்டேன்.

இருபது நிமிடத் தொடர் நடைக்குப் பதிலாக விட்டுவிட்டு நடப்பது என்று முடிவானது. ஒரு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு. இப்படிச் செய்தாலும் தொடர் நடைக்கு ஈடான பலன் கிடைக்கிறது, மூச்சிரைப்பும் குறைவாக இருக்கிறது என்று சிஓபிடி ஆய்வுகள் காட்டியிருப்பதால் எங்களுக்கும் இதில் மறுப்பு இல்லை.

எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. கால் எடைப் பயிற்சியே வேண்டாம் என்றார்கள் நான்கு பேர். "எங்களுக்கு நோய் நெஞ்சுலதானே, கால்ல என்ன இருக்கு?" என்றார் ஒருவர். நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தொடைத் தசை மெலிவது இந்த நோயின் பெரிய பாதிப்புகளில் ஒன்று. இதை வெறும் வாயால் சொல்லாமல், அவரவர் தொடைச் சுற்றளவை அவர்களையே டேப்பால் அளந்து பார்க்கச் சொன்னோம். கேள்வி கேட்டவர் அளந்து முடித்துக் கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்காலில் கட்டும் எடையை எடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். வீட்டிலும் செய்யலாம் என்பது அவர் சொன்ன காரணம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியைச் சேர்க்கச் சொன்னவர்களும் அவர்கள்தான். தலை வாரும்போதும் மேல்தட்டில் இருப்பதை எடுக்கும்போதும்தான் அதிகம் மூச்சு வாங்குகிறது என்றார்கள். மூச்சுக்குத் துணை செய்யும் தோள், கழுத்துத் தசைகளுக்குக் கை தூக்கும் வேலையும் சேர்ந்துவிடுவதால் அப்படி ஆகிறது. எங்கள் பழைய திட்டத்தில் கை மார்புக்கு மேல் போகவே இல்லை.

மூச்சிரைப்பை 0 முதல் 10 வரை எண்ணில் சொல்லும் போர்க் அளவுகோலை எங்கள் பதிவுக்கு வைத்துக்கொண்டோம். பயிற்சியின்போது அவர்கள் பயன்படுத்த மூன்று வார்த்தைகளை அவர்களே வைத்தார்கள்: "கதை பேசலாம்", "ஒரு வார்த்தை பேசலாம்", "பேச முடியாது". இரண்டாவதில் இருந்தால் சரியான வேகம். மூன்றாவது வந்தால் நிற்க வேண்டும்.

பயிற்சி தரைத்தளத்துக்கு வந்தது, நேரம் பதினொரு மணி ஆனது. கழிப்பறை பக்கத்திலேயே இருக்கும் அறையாகப் பார்த்தோம். இருமித் துப்ப ஒரு திரை மறைவில் இடம் ஒதுக்கினோம். பெண்களுக்குச் சிறுநீர்க் கசிவைக் குறைக்கும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைச் சக பிசியோதெரபிஸ்ட் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். நோய் முற்றி நடுவில் நின்றுபோனால் மறுபடி சேர்ப்பீர்களா என்று அந்த மகள் கேட்டார். அப்படி ஒரு விதியே எங்களிடம் இல்லை. இப்போது உண்டு: மருத்துவர் சம்மதித்ததும் வரலாம், பயிற்சியை விட்ட அளவுக்கு இரண்டு நிலை கீழே தொடங்கலாம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு தவறு

புதிய சுற்றில் 14 பேர் சேர்ந்தார்கள். மூன்றாவது வாரம், ஃபைப்ரோசிஸ் உள்ள ஒருவர் நடந்துகொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு "ஒரு வார்த்தை பேசலாம்" என்று சிரித்தார். உதடு நீலம் பாய்ந்ததைச் செவிலியர்தான் கவனித்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் 79 சதவீதம். உடனே உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தோம். சில நிமிடங்களில் 90-க்கு மேல் வந்தது. அவருக்கு வேறு பாதிப்பு எதுவும் இல்லை.

ஆறு நிமிட நடைச் சோதனையிலேயே 80-க்குக் கீழே போனால் நிறுத்தச் சொல்கிறது வழிகாட்டு நெறி. ஃபைப்ரோசிஸ் நோயில் நடக்கும்போது ஆக்சிஜன் சட்டென்று விழலாம், அந்த அளவுக்கு மூச்சிரைப்பு உணரப்படாமலும் போகலாம். எங்களுக்கு இது தெரியும். ஆனால் வடிவமைப்புக் குழுவில் ஃபைப்ரோசிஸ் உள்ள ஒருவர்கூட இல்லை. சிஓபிடி உள்ளவர்கள் தங்கள் உடம்பை வைத்துச் சொன்ன மூன்று வார்த்தைகளை எல்லாருக்கும் பொதுவாக்கியது நாங்கள். அது அவர்கள் தவறு இல்லை. அந்த இடத்தில் குறுக்கிட்டுப் பேசியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். குறுக்கே பேசக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டதில், எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லும் பொறுப்பையும் விட்டுவிட்டோம்.

அன்று மாலையே அவரிடம் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். மறுநாளிலிருந்து ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கும், முதல் நடைச் சோதனையில் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கும் விரலில் ஆக்சிமீட்டரோடுதான் நடை. எந்த அளவில் நிறுத்துவது என்பதை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொடுத்தார். நடக்கும்போது ஆக்சிஜன் தேவைப்பட்ட இருவருக்கு அதுவும் ஏற்பாடானது. உதடு நீலம் பாய்ந்த அந்த நோயாளி தொடர்ந்து வந்தார்.

எட்டு வாரம் கழித்து

14 பேரில் 11 பேர் முடித்தார்கள். ஒருவர் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்து, திரும்பி வந்து அடுத்த சுற்றில் தொடர்கிறார். இருவர் நின்றுவிட்டார்கள். அவர்களிடம் போன் செய்து கேட்டோம். ஒருவருக்கு வீட்டிலிருந்து வந்துபோகும் தூரம். இன்னொருவர் காரணம் சொல்ல விரும்பவில்லை, அப்படியே எழுதிக்கொண்டோம்.

ஆறு நிமிட நடையில் 30 மீட்டர் கூடினால் அதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். 11 பேரில் 8 பேர் அதைத் தாண்டினார்கள். தாண்டாத மூவரில் அந்த அம்மாவும் ஒருவர். எட்டு வாரத்துக்கு முன் நடந்த அதே தூரம்தான் நடந்தார். ஆனால் மூச்சு திரும்பும் நேரம் முதல் நாளில் நான்கு நிமிடத்துக்கு மேல் இருந்தது, கடைசி நாளில் இரண்டு நிமிடத்துக்குக் கீழே வந்திருந்தது. பழைய படிவத்தில் எழுதியிருந்தால் அவர் பெயருக்கு நேரே "முன்னேற்றம் இல்லை" என்றுதான் இருந்திருக்கும். அந்தத் தாளை அவரிடம் காட்டினோம். விரலால் இரண்டு எண்ணையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்போது தனியாக வெளியே போய்வருவதாகச் சொன்னார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த எண்களை வைத்து நோயாளிகள் வகுத்த திட்டம்தான் பலன் தந்தது என்று முடிவு கட்ட முடியாது. ஆட்கள் மாறினார்கள், அறை மாறியது, நேரம் மாறியது, நாங்களும் முன்பைவிடக் கவனமாக இருந்தோம். மூச்சு திரும்பும் நேரத்தை நாங்கள் அளந்த முறையும் சரிபார்க்கப்பட்ட அளவுகோல் இல்லை. ஒரே ஆளை அவரோடு அவரே ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துகிறோம்.

இனி மாற்ற வேண்டியவை

வடிவமைப்புக் குழுவில் ஒவ்வொரு நோய் வகையிலிருந்தும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் அளவுக்கு மூச்சு உள்ளவர்களின் குரல் மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. வீட்டில் ஆக்சிஜனோடு இருப்பவர்களைச் செவிலியர் போய்ப் பார்த்துக் கேட்க வேண்டும். முடியாவிட்டால், அவர்கள் நேரத்துக்கு ஏற்பச் சின்னச் சின்ன போன் பேச்சுகளாவது நடக்க வேண்டும். வந்துபோன செலவை நோயாளிகளே ஏற்றுக்கொண்டார்கள். அது தவறு, அடுத்த சுற்றிலிருந்து பிரிவே கொடுக்கும். நோயாளிகள் ஒரு முடிவைச் சொன்னதும், பாதுகாப்பு பற்றி எங்களுக்குத் தெரிந்ததை அதே கூட்டத்திலேயே அவர்கள் முன் வைத்துப் பேசுவது என்றும் விதி எழுதியிருக்கிறோம்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. பயிற்சியை விட்டுவிட்டால் கிடைத்த பலன் அடுத்த சில மாதங்களில் கரையத் தொடங்கும், ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். இது தெரிந்த விஷயம். இரண்டாவது கூட்டத்திலேயே, "எட்டு வாரம் முடிஞ்ச அப்புறம் என்ன பண்றது?" என்று படியைப் பற்றிச் சொன்னவர் கேட்டிருக்கிறார். செவிலியரின் குறிப்பேட்டில் கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. எதிரே பதில் எதுவும் எழுதப்படவில்லை. திட்டம் வகுத்த நான்கு கூட்டங்களிலும் நாங்கள் அதற்குத் திரும்பவே இல்லை.

அவர்களாக ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். முடித்தவர்களில் மூன்று பேர் வாரத்துக்கு இரண்டு நாள், அதே பதினொரு மணிக்கு, ஒன்றாக நடக்கிறார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் மூவரும் நிற்கிறார்கள். அந்த அம்மா கடிகாரம் பார்க்கிறார். அடுத்த வடிவமைப்புக் கூட்டத்துக்கு அவர்கள் மூவரையும் அழைத்திருக்கிறோம். முதல் கேள்வியாக அந்தக் கடைசிப் பக்கக் கேள்வியை வைத்திருக்கிறோம்.